பிரிக்கும் நாளை நினைத்துக் கட்டுவோம்

கண்காட்சிக் கடையும் பந்தலும்: குழுக் கூட்டத்தில் படித்துப் பேச ஒரு பாடம்



இந்த மாதப் பாடம் கடையைப் பற்றியது. ஊரில் நிரந்தரமாக இருக்கிற கடை அல்ல. கண்காட்சி, கைவினைச் சந்தை, திருவிழா என்று ஐந்து நாளைக்கோ பத்து நாளைக்கோ நாம் போடுகிற கடை. பொருள் தயாரிக்கப் பயிற்சி எடுத்திருக்கிறோம். விலை போடவும் பில் எழுதவும் பயிற்சி எடுத்திருக்கிறோம். ஆனால் கடையை எப்படிக் கட்டுவது என்று உட்கார்ந்து பேசியதில்லை. "அது பந்தல்காரர் வேலை, நமக்கென்ன?" என்று விட்டு விடுகிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைக்குப் போகிற பணம் நம் குழுப் பணம். அதிலிருந்து விழுகிற குப்பை ஏதோ ஓர் ஊரின் மண்ணில் விழுகிறது. அது தீப்பிடித்தால் உள்ளே இருப்பது நாமும் நம் பிள்ளைகளும்தான். அதனால் இது நம் வேலைதான்.

1. கண்காட்சி முடிந்த மறுநாள்

கண்காட்சி நடக்கும்போது மைதானம் அழகாக இருக்கும். முடிந்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் என்ன கிடக்கும்? கிழிந்த ஃபிளெக்ஸ், தெர்மாகோல் துண்டு, மண்ணோடு ஒட்டிப்போன நைலான் விரிப்பு, பிளாஸ்டிக் பூமாலை, அறுத்துப் போட்ட நைலான் கயிறு, வளைந்த ஆணி, ஒட்டு நாடா. பந்தல்கால் நட்ட குழிகள் மூடாமல் கிடக்கும். பெரும்பாலும் அது ஒரு பள்ளிக்கூட மைதானமாக இருக்கும். திங்கட்கிழமை அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். மாடு மேயும், பிளாஸ்டிக்கையும் சேர்த்துத் தின்னும்.

இதையெல்லாம் கூட்டி அள்ளுவது யார்? தூய்மைப் பணி செய்கிற பெண்கள். அவர்களும் நம்மைப் போல ஒரு குழுவில் உறுப்பினராக இருப்பவர்கள்தான்.

ஃபிளெக்ஸ் என்பது பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் பூசிய துணி. அது மக்காது. எரித்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கிற அமிலப் புகை வரும். டையாக்சின் என்ற நச்சும் உண்டாகும். அதனால் பழைய ஃபிளெக்ஸ் கையில் இருந்தால் தயவுசெய்து எரிக்காதீர்கள். தெர்மாகோலும் பிளாஸ்டிக்தான். உடைந்தால் சின்னச் சின்ன உருண்டையாகப் பறந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் போய்விடும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிகிற 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பை, தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் மட்டுமல்ல, நாம் கடை வாசலில் தோரணமாகக் கட்டுகிற பிளாஸ்டிக் கொடியும் அதில் சேர்த்திதான். "எங்கள் கடையில் மஞ்சப்பைதான் கொடுப்போம்" என்று பெருமையாகச் சொல்கிற நாம், அந்தக் கடையையே பிளாஸ்டிக்கால் கட்டினால் எப்படிச் சரியாகும்?

2. இது பெரிய ஊர்களிலும் இருக்கிற பிரச்சினை

இது ஏதோ நம் ஊர்க் குறை என்று நினைக்க வேண்டாம். உலகத்தின் பெரிய நகரங்களில் ஓவியம், சிற்பம் விற்கிற கலைச் சந்தைகள் நடக்கின்றன. லண்டனில் 2003இல் தொடங்கிய ஃபிரீஸ் கலைச் சந்தையை ரீஜண்ட்ஸ் பூங்காவில் பெரிய கூடாரம் போட்டு நடத்துகிறார்கள். சில நாள் சந்தைக்காக ஒரு சின்ன ஊரையே எழுப்பிப் பிரிக்கிற வேலை இது. சுவர் வேண்டும், தரை வேண்டும், விளக்கு வேண்டும். முடிந்த பிறகு அத்தனையும் எங்கே போகும் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

இதற்கு வழி தேடியவர்களில் இரண்டு பேர் செய்ததை நாம் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அவர்கள் கண்டுபிடித்தது நமக்கு ஏற்கெனவே பழக்கமான விஷயம்.

3. கடன் வாங்கிக் கட்டிய மண்டபம்

நெதர்லாந்து நாட்டில் ஐந்தோவன் என்று ஓர் ஊர். அங்கே ஆண்டுதோறும் அக்டோபர் மாதம் ஒன்பது நாள் பெரிய வடிவமைப்புக் கண்காட்சி நடக்கும். 2017ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக ஒரு மண்டபம் கட்ட வேண்டியிருந்தது. பீரோ எஸ்.எல்.ஏ., ஓவர்ட்ரேடர்ஸ் டபிள்யூ என்ற இரண்டு கட்டடக் கலைக் குழுக்கள் அந்த வேலையை எடுத்தன. மண்டபத்தின் பெயருக்கு நம் மொழியில் "மக்கள் மண்டபம்" என்று அர்த்தம்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கட்டடத்துக்கான பொருளை விலைக்கு வாங்காமல் கடனாக வாங்கினார்கள். மரக்கடையில் மர உத்தரம் கடன். அடித்தளத்துக்குக் கான்கிரீட் தூண் கடன். பசுமைக் குடில் அமைப்பவர்களிடம் கூரைக்குக் கண்ணாடி கடன். விளக்கு, பெஞ்சு எல்லாமே கடன். "ஒன்பது நாள் கழித்து அப்படியே திருப்பித் தருவோம்" என்பதுதான் ஒப்பந்தம்.

கடன் வாங்கிய பொருளில் ஆணி அடிக்க முடியுமா? துளை போட முடியுமா? பசை ஒட்ட முடியுமா? அளவுக்கு அறுக்க முடியுமா? முடியாது. அறுத்த மரத்தை யார் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்? அதனால் ஆணி, திருகாணி, பசை, ரம்பம் எதுவும் இல்லாமல் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். மரங்களைச் சேர்த்து வைத்து எஃகுப் பட்டையால் இறுக்கிக் கட்டினார்கள். நாம் பந்தலைக் கயிற்றால் கட்டுவதைப் போலத்தான். அந்தக் கட்டு காற்றையும் பாரத்தையும் தாங்குமா என்று பொறியாளர்களை வைத்துச் சோதித்த பிறகே ஆட்களை உள்ளே விட்டார்கள்.

ஒரு பொருள் மட்டும் புதிதாகச் செய்தது. ஊர் மக்கள் தங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குப்பையைக் கொடுத்தார்கள். அதை அரைத்து, உருக்கி, பல நிறத்தில் ஓடு செய்து மண்டபத்தின் மேல்புறச் சுவரில் அடுக்கினார்கள். கண்காட்சி முடிந்ததும் அந்த ஓடுகள் ஊர் மக்களுக்கே போய்ச் சேர்ந்தன. கடன் வாங்கிய பொருள் கொடுத்தவர்களுக்குத் திரும்பியது.

இதில் நமக்கு என்ன பாடம்? குழுவில் நாம் உள்கடன் கொடுக்கிறோம். வாங்கியதைத் திருப்பினால்தான் அடுத்த உறுப்பினருக்குக் கிடைக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே விதியைக் கம்புக்கும் துணிக்கும் பலகைக்கும் வைத்தார்கள். அவ்வளவுதான்.

4. மணல் பெட்டியில் நின்ற காகிதக் கட்டடம்

இன்னொருவர் ஜப்பான் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான். 2000ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் ஜப்பான் நாட்டு அரங்கத்தை இவர் காகிதக் குழாய்களால் கட்டினார். துணிக்கடையில் துணி சுற்றி வைக்கிற அட்டைக் குழாயைப் பார்த்திருப்பீர்கள், அந்த வகை. கட்டடத்தின் நீளம் 70 மீட்டருக்கும் மேல்.

அவர் முதலிலேயே கேட்ட கேள்வி, "கண்காட்சி முடிந்ததும் இது என்ன ஆகும்?" என்பதுதான். காகிதக் குழாய் மறுபடியும் காகிதத் தொழிலுக்கே போகலாம். அடித்தளத்துக்குக் கான்கிரீட் போட்டால் அதை உடைத்து எறிய வேண்டும். அதனால் பெட்டிகளில் மணலை நிரப்பி அதையே அடித்தளமாக வைத்தார். பிரிக்கும்போது மணல் மணலாகவே திரும்பியது. ஆனால் "காகிதம்தானே போதும்" என்று விட்டுவிடவில்லை. பலத்துக்காக மர வளைவுகளையும் சேர்த்துத்தான் கட்டினார்கள். ஷிகெரு பானுக்கு 2014இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

5. நம்ம பந்தல் மட்டும் என்ன குறைச்சல்?

இதைப் படிக்கும்போது உங்களில் பலர் "இது நம்ம கல்யாணப் பந்தல் மாதிரிதானே இருக்கு!" என்று சொல்லியிருப்பீர்கள். உண்மைதான்.

சவுக்குக் கம்பு, மூங்கில் கழி, தென்னங்கீற்று, நார்க் கயிறு. இந்த நாலும் இருந்தால் ஒரே நாளில் பந்தல் எழும்பிவிடும். விசேஷம் முடிந்ததும் கயிற்றை அவிழ்த்தால் போதும். கம்பு அடுத்த வீட்டுப் பந்தலுக்குப் போகும். கயிறு சுருட்டி வைக்கப்படும். கீற்று பழையதானால் அடுப்புக்கும் எருக்குழிக்கும் போகும். குப்பை என்று எதுவும் மிஞ்சாது. மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கீற்று முடைவது பல ஊர்களில் பெண்களின் தொழில். அந்தக் கூலியும் ஊருக்குள்ளேயே இருக்கும்.

ஆக, பிரித்து மறுபடி பயன்படுத்துவது நமக்குப் புதுசு அல்ல. நடுவில் ஃபிளெக்ஸும் தெர்மாகோலும் வந்து அதை மறக்கடித்துவிட்டன.

6. ஆனால் கீற்று என்றால் கவனம் வேண்டும்

இயற்கைப் பொருள் எல்லாமே ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. இதை நாம் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டோம்.

1997 ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டது. மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்ததை எந்தத் தாய் மறப்பாள்?

அதனால் கீற்றை எங்கே போடலாம், எங்கே கூடாது என்று பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

• நாலு பக்கமும் திறந்த வெட்டவெளியில் கீற்று நிழல் போடலாம். மாடியின் மேலும், வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கிற கடைகளின் மேலும் போடக் கூடாது.
• கீற்றுக்குக் கீழே அடுப்பு கூடாது. உணவுக் கடையைத் தள்ளித் தனியாகப் போடுங்கள்.
• மின்கம்பிக்கு நேர் கீழே எந்தப் பந்தலும் கூடாது. பந்தல்களுக்கென்றே இந்திய தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தீத்தடுப்பு விதிகள் இருக்கின்றன. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது என்று அதிலும் சொல்லியிருக்கிறது. நைலானும் பாலியஸ்டரும் எரியும்போது உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.
• பருத்தித் துணியும் எரியக் கூடியதுதான். ஆகவே சூடேறுகிற பெரிய விளக்கு வேண்டாம், எல்.இ.டி. பல்பு போதும். பல்பும் ஒயரும் துணியில் படக் கூடாது. ஒட்டுப்போட்ட ஒயரை வாங்கவே வாங்காதீர்கள்.
• பின்பக்கத் துணியைத் தைத்து மூடிவிடாதீர்கள். வெளியேற இரண்டு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். வழியில் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது.
• கடைக்கு ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர் வையுங்கள். ஒயரில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், முதலில் மெயினை அணையுங்கள். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112 எண்ணில் கூப்பிடலாம்.

7. பத்துக்குப் பத்து கடை: நாமே அமைப்போம்

பல கண்காட்சிகளில் நமக்குக் கிடைக்கிற இடம் ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி. அதை வைத்தே பார்ப்போம்.

சட்டம்: மூங்கிலோ சவுக்கோ போதும். மூங்கிலை வெட்டியதும் சில வாரம் குளத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் உலர்த்துகிற பழைய வழக்கம் உண்டு. அப்படிச் செய்தால் பூச்சி அரிப்பது குறையும். பல தடவை பயன்படுத்தலாம். ஆணி அடித்தால் மூங்கில் பிளந்துவிடும். அதனால் கயிற்றுக் கட்டுதான் நல்லது. நிற்கிற கம்பும் படுக்கிற கம்பும் சேருகிற இடத்தில் இரண்டையும் சேர்த்து மூன்று நாலு சுற்று சுற்றுங்கள். பிறகு இரண்டு கம்புக்கும் நடுவில் புகுத்தி இரண்டு சுற்று சுற்றி இறுக்குங்கள். அந்த நடுச்சுற்றுதான் கட்டைத் தளரவிடாமல் பிடிக்கும்.

குறுக்குக் கம்பு: இதைக் கூட்டத்திலேயே செய்து பாருங்கள். நாலு குச்சியைச் சதுரமாகக் கட்டி ஒரு மூலையைத் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்துவிடும். இப்போது மூலைக்கு மூலை இன்னொரு குச்சியைக் கட்டித் தள்ளுங்கள். அசையாது. முக்கோணத்துக்கு உள்ள பலம் அது. கடையின் பின்பக்கமும் இரண்டு பக்கவாட்டிலும் இப்படி ஒரு குறுக்குக் கம்பு கட்டினால் காற்றுக்குச் சாயாது.

கால்: பள்ளி மைதானத்தில் குழி தோண்டாமல், நாலு மூலையிலும் மணல் மூட்டை வைத்துக் காலோடு சேர்த்துக் கட்டலாம். முடிந்ததும் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடலாம். குழி தோண்டித்தான் ஆக வேண்டுமென்றால், மூடிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பலத்த காற்று அடித்தால் துணியை இறக்கிவிடுங்கள். துணி பாய்மரம் போலக் காற்றைப் பிடித்துக் கம்பையே தூக்கிவிடும்.

பெயர்ப் பலகை: ஃபிளெக்ஸுக்குப் பதில் கெட்டியான பருத்தித் துணியில் பெயின்டால் எழுதுங்கள். குழுவின் பெயர், ஊர், செய்கிற பொருள் மட்டும் போதும். தேதியும் கண்காட்சியின் பெயரும் எழுதாதீர்கள். தேதி போட்டால் அந்தத் துணி அந்த வாரத்தோடு செத்துப்போகும். தேதி இல்லாவிட்டால் துணி கிழிகிறவரை உழைக்கும்.

உள்ளே: தரைக்குக் கோரைப்பாய். பொருள் அடுக்கப் பழக்கூடை, மரப்பெட்டி, கவிழ்த்துப் போட்ட அண்டா. மேலே ஒரு சேலை விரித்தால் அழகான மேடை. பின்சுவருக்குச் சணல் சாக்கு. வாசலுக்கு மாவிலை, குருத்தோலைத் தோரணம். கூடை விற்கிற குழு கூடையிலேயே பொருளை அடுக்கலாம். பாய் விற்கிற குழு பாயாலேயே சுவர் வைக்கலாம். கடைசி நாளில் அதையும் விற்றுவிட்டு வரலாம்!

8. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"துணி, மூங்கில் எல்லாம் செலவு ஜாஸ்திங்க, ஃபிளெக்ஸ்தான் மலிவு" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு தடவைக்கு மட்டும் பார்த்தால் அது சரியாகத் தெரியும். ஆகவே மூன்று வருஷத்துக்குப் பார்க்கலாம். கீழே இருப்பது புரிவதற்காகப் போட்ட உதாரணத் தொகை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

• தூக்கி எறிகிற அலங்காரம்: ஒரு கண்காட்சிக்கு 3,000 ரூபாய். வருஷத்துக்கு 4 கண்காட்சி என்றால் 12,000. மூன்று வருஷத்துக்கு 36,000 ரூபாய்.
• மறுபடி பயன்படுகிற சாமான்: முதலில் ஒரு தடவை 8,000 ரூபாய். ஒவ்வொரு தடவையும் துவைக்க, தைக்க, கயிறு மாற்ற 250 ரூபாய். 12 கண்காட்சிக்கு 3,000. ஆக மொத்தம் 11,000 ரூபாய்.
• மிச்சம் 25,000 ரூபாய். ஒரு உறுப்பினருக்கு உள்கடன் கொடுக்கிற அளவுக்குப் பணம்!

சாமானை ஏற்றி இறக்குகிற வண்டிக் கூலியையும், வைத்துக்கொள்கிற இடத்தையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஒரு குழுவுக்குத் தனியாக இது பாரமாக இருக்கலாம். அதற்குத்தான் கூட்டமைப்பு இருக்கிறது.

9. கூட்டமைப்புக்கு ஒரு யோசனை: சாமான் வங்கி

பல ஊர்களில் குழுக்கள் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகின்றன. அதே மாதிரி, கடை அமைக்கும் சாமானை ஒரே அளவில் நாலைந்து கடைக்குத் தேவையான அளவு செய்து கூட்டமைப்பு அலுவலகத்தில் வைக்கலாம். எந்தக் குழு கண்காட்சிக்குப் போகிறதோ அது எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தர வேண்டும். ஒரே அளவில் இருப்பது முக்கியம். ஒரு கடைக் கம்பு உடைந்தால் இன்னொரு கடைக் கம்பு பொருந்தும்.

இருப்புப் பதிவேட்டில் ஆறு விஷயம் எழுதினால் போதும்: பொருள், எண்ணிக்கை, எடுத்த குழு, எடுத்த தேதி, திருப்பிய தேதி, திரும்பியபோது இருந்த நிலைமை. கம்புக்கும் துணிக்கும் பெயின்டால் எண் போடுங்கள். வாடகை சின்னத் தொகையாக இருக்கட்டும். தொலைத்தால் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே தீர்மானமாக எழுதிவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.

குழுவில் பேச வேண்டிய கேள்விகள்

1. கடந்த கண்காட்சியில் நம் கடைக்கு வாங்கிய பொருட்கள் என்னென்ன? அவற்றில் இன்று கையில் இருப்பது எது, குப்பைக்குப் போனது எது?
2. நம் ஊரிலேயே கடனாகக் கிடைக்கக் கூடிய பொருட்கள் என்னென்ன? யாரிடம் கேட்கலாம்?
3. நம் உறுப்பினர்களில் கீற்று முடைய, பாய் நெய்ய, கூடை பின்ன, தையல் தைக்கத் தெரிந்தவர்கள் யார் யார்? கடை அமைக்கும் வேலையில் அவர்களுக்கு என்ன கூலி கொடுக்கலாம்?
4. கடையில் தீப்பிடித்தால் முதலில் யார் என்ன செய்வது? பிள்ளைகளை யார் வெளியே கூட்டிப்போவது?

செய்து பார்க்க

அடுத்த கண்காட்சிக்குச் சாமான் பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு கட்டம் போடுங்கள். "பிரித்த பிறகு இது எங்கே போகும்?" என்பது அந்தக் கட்டத்தின் தலைப்பு. "அடுத்த கடைக்கு", "கொடுத்தவரிடம் திருப்ப", "எருக்குழிக்கு" இந்த மூன்றில் ஒன்றை எழுத முடிந்தால் வாங்குங்கள். "குப்பைக்கு" என்று வந்தால் அந்தப் பொருள் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று ஊக்குநரும் பிரதிநிதிகளும் உறுப்பினர்களோடு பேசி முடிவெடுங்கள். எடுத்த முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கண்காட்சி முடிந்ததும் அந்தப் பட்டியலைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்தக் குழு எதைத் திருப்பிக் கொண்டுவந்தது என்று எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்.